தகவல் துணுக்குகள் ஒன்றுசேராமல் காப்பது எப்படி?

சென்ற மாதம் ஒரு சான்றிதழை அச்செடுப்பதற்காக எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கோப்பை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். கடைக்காரர் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையைத் திறந்தபோது, என் கோப்புக்குக் கீழே முன்பின் தெரியாதவர்களின் ஆதார் அட்டைகள், பான் அட்டைகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், குடும்ப அட்டைகள் என்று திரை நகர நகர வந்துகொண்டே இருந்தன. எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் இ-ஆதார் கோப்பு கடவுச்சொல் கேட்டது. “பேர்ல முதல் நாலு இங்கிலீஷ் எழுத்து, அப்புறம் பொறந்த வருஷம், சொல்லுங்கய்யா” என்றார் கடைக்காரர். பெரியவர் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கோப்பு திறந்தது, அச்சாகியது, பத்து ரூபாய் கைமாறியது, அவர் கிளம்பிவிட்டார். அவருடைய கோப்பு அந்தக் கணினியிலேயே தங்கிவிட்டது.

கடைக்காரர் நல்ல மனிதர். கோப்புகளை அழிக்க அவருக்கு நேரம் இல்லை, அழிக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை. தனியுரிமை என்றவுடன் வெளிநாட்டுப் பெருநிறுவனங்களை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். அவற்றைப் பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால், நம் ஊரில் ஒருவருடைய பெயர், பிறந்த தேதி, முகவரி, வங்கி, கைபேசி எண் ஆகியவை ஒரே இடத்தில் கூடுவதற்கு அத்தகைய நிறுவனம் எதுவும் தேவைப்படுவதில்லை.

கூடுவதுதான் சிக்கல். தனித்தனியாகப் பார்த்தால் இந்தத் துணுக்குகளில் பெரும்பாலானவை இரகசியமே அல்ல: பிறந்தநாளைப் பலர் அறிவார்கள், முகவரி அஞ்சல்காரருக்குத் தெரியும், எண் உறவினர் அனைவரிடமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1990களில் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர்களை நீக்கிவிட்டு ஆய்வாளர்களுக்கு வழங்கினார்கள். பெயர் இல்லாததால் ஆபத்தில்லை என்று நம்பினார்கள். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி இரண்டையும் ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே அடையாளம் கண்டுவிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று மட்டுமே சேர்ந்தாலும் அமெரிக்கர்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று 2000ஆம் ஆண்டில் அவர் கணக்கிட்டுக் காட்டினார். இந்தியாவில் அந்த அளவுக்குக்கூட உழைக்க வேண்டியதில்லை. துணிக்கடையிலும், மருந்துக் கடையிலும், வங்கியிலும், உணவுச் செயலியிலும், ஆதாரிலும் நாம் கொடுத்திருப்பது ஒரே பத்து இலக்க எண். பூவைத் தொடுக்கும் நார்போல அந்த எண் எல்லாத் துணுக்குகளையும் கோத்துவிடுகிறது.

ஆகவே, எல்லாவற்றையும் மறைத்துவைக்க முயல்வதைவிட, கோக்கும் நாரை ஆங்காங்கே அறுத்துவிடுவது பயன் தரும் என்பது என் கருத்து. கீழே சொல்லியிருப்பவற்றை ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டியதில்லை. ஆனால் இதே வரிசையில் செய்வது நல்லது.

முதலில், எண்

கடையில் பில் போடும்போது “போன் நம்பர் சொல்லுங்க” என்று கேட்டால், “நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். எண் இல்லாமல் கணினி பில் போடாது என்ற பதில் வரக்கூடும். பெரும்பாலும் அது உண்மையல்ல. மேலாளரை அழைத்தால் பில் வந்துவிடும். சில்லறைக் கடைகள் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறது. இதைச் சொல்லும்போது பில் போடும் பிள்ளையிடம் கடுமை காட்ட வேண்டாம். எண்ணை வாங்கச் சொல்லி அவர்களை நெருக்குவது கடையின் நிர்வாகம்.

முடிந்தவர்கள் இரண்டு எண்கள் வைத்துக்கொள்ளலாம். வங்கி, ஆதார், வருமான வரி, நெருங்கிய உறவுகள் ஆகியவற்றுக்கு ஓர் எண். கடைகள், செயலிகள், விண்ணப்பங்கள், வீடு வாடகை விளம்பரங்கள் போன்ற மற்ற அனைத்துக்கும் இன்னோர் எண். இன்றைய கைபேசிகளில் பெரும்பாலானவை இரண்டு சிம்களை ஏற்பதால், கூடுதல் செலவு ரீசார்ஜ் மட்டுமே. ஒரு எச்சரிக்கை உண்டு: நீண்ட நாள் பயன்படுத்தாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டு, பின்னர் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிடும். பழைய எண்ணைக் கைவிடுவதற்கு முன், அது எந்தெந்தக் கணக்குகளில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஓடிபி இன்னொருவர் கைக்குப் போகும்.

யுபிஐ செயலிகளில் பணம் பெறும் முகவரி பல நேரங்களில் கைபேசி எண்ணாகவே அமைந்துவிடுகிறது. காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்து பணம் செலுத்துகிறவர்களுக்கு அந்த எண்ணை வெளியிட வேண்டிய தேவை இல்லை. பல செயலிகள் எண் இல்லாத வேறொரு முகவரியை உருவாக்க இடம் தருகின்றன. சுயவிவரப் பக்கத்தில் ‘யுபிஐ ஐடி’ பகுதியைத் திறந்து பாருங்கள்.

உங்கள் பெயரில் நீங்கள் அறியாமல் வேறு இணைப்புகள் வாங்கப்பட்டிருக்கின்றனவா என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால் பட்டியல் வரும்; உங்களுடையது அல்லாததை அங்கேயே புகாரளிக்கலாம். ஜெராக்ஸ் கடையில் தங்கிவிட்ட அடையாளச் சான்று தவறாகப் பயன்படும் வழிகளில் ஒன்று, அதைக் காட்டிச் சிம் வாங்குவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இதைப் பார்த்துவிடுவது நல்லது.

தொடர்புப் பட்டியல் நம்முடையது மட்டுமல்ல

ஒரு செயலி ‘காண்டாக்ட்ஸ்’ அனுமதி கேட்கும்போது நாம் நம்முடைய தகவலைக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ‘அலவ்’ பொத்தானை அழுத்துகிறோம். உண்மையில் கொடுப்பது அத்தையின் எண், பிள்ளையின் ஆசிரியர் எண், ‘டாக்டர் சர்க்கரை’ என்று நாம் சேமித்துவைத்த பெயர் ஆகியவற்றை. அந்த முந்நூறு பேரிடம் நாம் அனுமதி கேட்கவில்லை. இந்த அனுமதியின் கொடுமையைக் கடன் செயலிகளிடம் சிக்கியவர்கள் நன்கு அறிவார்கள்: தவணை தவறிய மறுநாள், கடன் வாங்கியவரின் மாமனாருக்கும் அலுவலகத் தோழருக்கும் வசவு அழைப்புகள் போயின, படங்களைச் சிதைத்து அனுப்பிய சம்பவங்களும் உயிரைப் பறித்த சம்பவங்களும் நடந்தன.

இதற்குப் பிறகுதான் ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடன் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கடன் செயலிகள் கைபேசியிலுள்ள கோப்புகள், படங்கள், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு ஆகியவற்றைத் தொடக் கூடாது. வாடிக்கையாளரை அடையாளம் காண்பதற்காகக் கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை ஒருமுறை மட்டும், வெளிப்படையான ஒப்புதலோடு பயன்படுத்தலாம் என்று அது சொல்கிறது. ஆகவே, தொடர்புப் பட்டியலைக் கேட்கும் கடன் செயலி எதுவாக இருந்தாலும் அந்த இடத்திலேயே அதை நீக்கிவிடலாம். மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டு கைபேசியில் ‘செட்டிங்ஸ்’ திறந்து, தேடும் பெட்டியில் ‘பெர்மிஷன் மேனேஜர்’ என்று தட்டச்சு செய்யுங்கள். காண்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், கால் லாக்ஸ், லொகேஷன், மைக்ரோபோன், கேமரா என்று ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு பட்டியல் இருக்கும். செயலி வாரியாகப் பார்ப்பதைவிட இப்படி அனுமதி வாரியாகப் பார்ப்பது தெளிவைத் தரும். அண்மையில் என் அத்தையின் கைபேசியை இப்படித் திறந்து, அவரையே படிக்கச் சொன்னேன். காண்டாக்ட்ஸ் பட்டியலில் டார்ச் விளக்குச் செயலி ஒன்று இருந்தது. “விளக்குக்கு எதுக்குடா என் அண்ணன் நம்பர்?” என்று கேட்டார். இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

எஸ்எம்எஸ் அனுமதியைக் குறிப்பாகக் கவனியுங்கள். வங்கி இருப்பு, சம்பள வரவு, ஓடிபி, மருத்துவமனை முன்பதிவு எல்லாம் குறுஞ்செய்தியாக வருவதால், அந்தப் பெட்டியைப் படிக்கும் செயலிக்கு நம் வாழ்க்கையின் வரவுசெலவுக் கணக்கே கிடைத்துவிடும். குறுஞ்செய்தி அனுப்பும் செயலியைத் தவிர மற்றவை அங்கே இருந்தால், ஏன் என்று தெரியாதவரை நீக்கிவிடுங்கள். தேவைப்பட்டால் அந்தச் செயலியே மறுபடி கேட்கும். இருப்பிடத்துக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதே போதும். வானிலைச் செயலிக்குத் தெரு தெரிய வேண்டாம், ஊர் தெரிந்தால் போதும் என்பதால் ‘துல்லியமான இருப்பிடம்’ என்ற தெரிவையும் அணைத்துவிடலாம். புதிய கைபேசிகளில் படத்தொகுப்பு முழுவதையும் திறந்துவிடாமல், தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கொடுக்கவும் முடியும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ‘ஆக்சஸிபிலிட்டி’ அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் செயலிகளுக்காக உருவாக்கப்பட்டது அது. திரையில் தெரியும் அனைத்தையும் படிக்கவும், நமக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் அதனால் முடியும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்புகளை (செயலியை நிறுவும் கோப்புகள்) பற்றிக் காவல் துறையினர் எச்சரித்திருக்கிறார்கள். நிறுவிவிட்டால் இந்த வகைக் கோப்புகள் கேட்பவை எஸ்எம்எஸ் போன்ற அனுமதிகளையும் இத்தகைய அதிகாரங்களையும்தான். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், செயலியாக வராது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் அவரை அழைத்துப் பேசிவிட்டுத் தொடுங்கள், ஏனென்றால் அவருடைய கைபேசி ஏற்கெனவே பறிபோயிருக்கலாம்.

ஆதார்

ஆதார் எண்ணின் பன்னிரண்டு இலக்கங்களையும் கேட்கும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே இல்லை. ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் இ-ஆதாரைப் பதிவிறக்கும்போது ‘மாஸ்க்டு ஆதார்’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் கோப்பு கிடைக்கும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அது தவறாகப் பொருள் கொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெறப்பட்டாலும் அந்த அறிவுரை சரியானது என்றே நான் நினைக்கிறேன். மறைத்த ஆதாரைப் பதிவிறக்கும் வசதி இன்றும் அதே தளத்தில் இருக்கிறது. தங்கும் விடுதி போன்ற இடங்களில் ஓட்டுநர் உரிமத்தையோ வாக்காளர் அட்டையையோ கொடுக்கலாம்.

அச்செடுத்த நகலின் குறுக்கே, எழுத்துகள் அட்டையின் மீது படும்படி, “இன்ன நிறுவனத்தில் வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்” என்று தேதியோடு பேனாவால் எழுதிக் கையொப்பமிடுங்கள். அந்த நகலை வேறொரு வேலைக்குப் பயன்படுத்துவது அதன்பின் கடினம். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தால், அச்சானவுடன், “அண்ணா, அந்த ஃபைலை அழிச்சிருங்க, ரீசைக்கிள் பின்லயும்” என்று கேட்டு, அழியும்வரை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நாம் நம் பக்கத்தில் அழித்தாலும், கணினியில் பதிவிறங்கிய கோப்பு அழியாது. கடைக்காரரிடம் இதைக் கேட்க முதலில் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. கேட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. என் கோப்போடு அன்றைய கோப்புகள் அனைத்தையும் சேர்த்தே அழித்தார்.

கைரேகைக்குத் தனிப் பூட்டு உண்டு. ஆதார் வழிப் பணப் பட்டுவாடா முறையில் வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஓடிபி கேட்காமலே பணம் எடுத்துவிடலாம். கிராமங்களில் வங்கிக்குப் போக முடியாதவர்களுக்கு இது பெரும் உதவி. ஆனால், பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்த ரேகைகளைப் பிரதியெடுத்துப் பணம் திருடிய வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. மைஆதார் தளத்தில் ‘லாக் பயோமெட்ரிக்ஸ்’ என்ற தெரிவின் மூலம் கைரேகையையும் கருவிழிப் பதிவையும் பூட்டிவைக்கலாம். நியாயவிலைக் கடையில் விரல் வைத்துப் பொருள் வாங்கும் குடும்பங்கள், போவதற்கு முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். வீட்டில் முதியவர் ஒருவரே போய் வாங்குகிறார் என்றால், இந்தப் பூட்டு அவருக்குத் தொல்லையாக முடியுமா என்று அவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பின்தொடரும் விளம்பரம்

இணையத்தளங்கள் நம்மை நினைவில் வைத்துக்கொள்ளும் ‘குக்கீ’ என்ற சிறு கோப்பை 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி உருவாக்கினார். கடைத் தளத்தின் கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கத்திலும் நினைவில் வைப்பதுபோன்ற எளிய தேவைக்காகப் பிறந்த அது, ஒரு தளத்தில் இடம்பிடித்த விளம்பர நிறுவனம் பிற தளங்களிலும் நம்மைத் தொடரும் கருவியாகிவிட்டது. சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் இத்தகைய பிற நிறுவனக் குக்கீகளை இயல்பாகவே தடுக்கின்றன. குரோமில் நாமே ‘செட்டிங்ஸ்’ சென்று தடுக்க வேண்டும். செயலிகளில் இதே வேலையைச் செய்வது விளம்பர அடையாள எண். ஆண்ட்ராய்டில் ‘பிரைவசி’ பகுதியின் ‘ஆட்ஸ்’ பக்கத்தில் ‘டிலீட் அட்வர்டைசிங் ஐடி’ என்பதை அழுத்தினால் அது நீங்கிவிடும். எந்தச் செயலியும் அதனால் நின்றுவிடாது. ஐபோனில், பிற செயலிகளிலும் தொடரலாமா என்று கேட்கும்போது ‘ஆஸ்க் ஆப் நாட் டு டிராக்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கூகுள் கணக்கில் ‘மை ஆக்டிவிட்டி’ பக்கத்தைத் திறந்து, தேடல் வரலாறும் யூடியூப் வரலாறும் 3 மாதத்துக்குப் பிறகு தானே அழியும்படி அமைத்துவிடுங்கள். நள்ளிரவில் உடல்நிலை பற்றி நாம் தேடியவை பத்தாண்டுகள் சேமிக்கப்பட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

சட்டத்தைக் கையில் எடுத்து எழுதுங்கள்

இவ்வளவு செய்தும் ஒரு பகுதி நம் கைக்கு எட்டாது. நம் எண்ணை ‘இன்னார், எல்ஐசி’ என்று சேமித்த நண்பர், அழைப்பவர் பெயரைக் காட்டும் ஒரு செயலிக்குத் தன் பட்டியலைத் திறந்துவிட்டால், நாம் அதை நிறுவாமலே அங்கே இடம்பெறக்கூடும். அப்படிப்பட்ட செயலிகள் பல, எண்ணை நீக்கிக்கொள்ள ஒரு பக்கம் வைத்திருக்கின்றன, தேடிப் பயன்படுத்துங்கள். பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம் ஆகியவற்றில் படிவத்தை நிரப்பாமல் திரும்பிவர முடியாது என்பதும் உண்மை. அங்கே ஒப்புதல் என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. அந்த இடத்தில் சட்டம்தான் துணை நிற்க வேண்டும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் வழியாக வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அரசுக்கு அது தரும் விலக்குகள் மிகவும் அகலமானவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை அது திருத்திய விதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின; நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஆனாலும் பிடித்துக்கொள்ள வேண்டிய பிரிவுகள் அதில் இருக்கின்றன. ஒப்புதல் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றில், அதாவது தமிழிலேயே, பெறும் வாய்ப்பைத் தர வேண்டும். ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். தரவைப் பார்க்கவும், திருத்தவும், அழிக்கவும் கேட்கலாம். நாம் இறந்தபின் இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கவும் செய்யலாம்.

செயலியைக் கைபேசியிலிருந்து நீக்குவதால் அந்நிறுவனத்திடம் உள்ள கணக்கு அழிவதில்லை. முதலில் செயலிக்குள் ‘டிலீட் அக்கவுண்ட்’ தேடி அழியுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் இருக்கும் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலுக்கு இப்படி எழுதலாம்:

“என் பெயரிலும் கீழ்க்கண்ட கைபேசி எண்ணிலும் உங்களிடம் உள்ள தனிநபர் தரவுகள் எவை, அவற்றை யாரிடம் பகிர்ந்திருக்கிறீர்கள் என்பதைத் தெரிவிக்கவும். நான் அளித்த ஒப்புதலை இன்றுடன் திரும்பப் பெறுகிறேன். சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர மற்றவற்றை அழித்து, அழித்ததை எழுத்துமூலம் உறுதிப்படுத்தவும்.”

அடையாளத்தை உறுதிப்படுத்த ஆதார் நகல் கேட்டுப் பதில் வந்தால் அனுப்ப வேண்டாம். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அனுப்பிய தேதி, வந்த பதில், திரைப்பிடிப்பு ஆகிய மூன்றையும் ஒரு கோப்புறையில் சேர்த்து வையுங்கள். பின்னர் முறையீடு செய்யும்போது அவை தேவைப்படும். பணமே பறிபோய்விட்டது என்றால் இந்தக் கடிதங்களுக்கெல்லாம் காத்திருக்காமல், அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துவிட்டு, வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். தாமதிக்காமல் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் அதை முடக்க வாய்ப்பிருக்கிறது.